செடி உலர்த்தும் பலகையில் பத்திரங்கள்

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஒரு கல்லூரி மாணவர் அணி: நிகழ்வு ஆய்வு

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பணிக்குறிப்பேடு இருக்கும். தேதி, இடம், செய்த வேலை, எத்தனை மணி நேரம் என்று நான்கு கட்டம். மரக்கன்று நட்டது, கோயில் பிரகாரம் பெருக்கியது, விழிப்புணர்வுப் பேரணி போனது. இதே வரிகளை ஆண்டுக்கணக்கில் படித்துக் கையெழுத்துப் போட்டுப் பழகிய திட்ட அலுவலர் நான். 2024 ஜனவரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் நீட்டிய குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஓடிபி வருவதற்காக ஆச்சியோடு காத்திருந்தது – 2 மணி."

"என்னல இது? இதை எப்படிக் கணக்குல எடுக்க?" என்று கேட்டேன்.

"சார், அன்னைக்கு வேற எந்த வேலையும் செய்யலையே" என்றான்.

கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கள் அணி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்த ஆய்வு. மற்றக் கல்லூரிகளில் இதே பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் கல்லூரியின் பெயரும் அந்தத் தெருவின் பெயரும் இதில் வராது. காரணம் படித்துக்கொண்டே வந்தால் புரியும்.

ஆற்றைத் தாண்டாத சேவை

பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. தூய யோவான் கல்லூரி 1878-ல் தொடங்கியது, சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923. அதற்குப் பிறகு வந்தவற்றைக் கூட்டினால் நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்குள் பல ஆயிரம் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆலங்குளம், அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்று நாலா பக்கமிருந்தும் பஸ்ஸில் வந்து போகிற பிள்ளைகள். திருநெல்வேலி ஜங்ஷன் வழியாக வருகிறவர்கள் தினமும் இரண்டு முறை தாமிரபரணி ஆற்றின் மேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலத்தைக் கடக்கிறார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த அந்த முதலியார், ஓடத்தில் ஆற்றைக் கடக்க ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்துத் தன் கைப்பணத்தில் கட்டி 1843-ல் திறந்த பாலம் அது. ஊருக்குச் செய்வது என்றால் இப்படி என்று காட்ட வேறு உதாரணமே தேட வேண்டாம். ஆனால் பாலத்தின் இரு கரையிலும் யார் குடியிருக்கிறார்கள் என்பது பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இதில் திட்டத்தின் அமைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு 240, நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம். முகாம் என்றால் எல்லாரும் ஒரு கிராமத்தைத் தத்தெடுப்போம். விதி நகரத்துக் குடிசைப் பகுதியையும் எடுக்கலாம் என்கிறது; ஆனாலும் சேவை என்றவுடன் வேனில் ஏறி ஊருக்கு வெளியே போவதுதான் பழக்கமாகிவிட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த எங்கள் தத்துக் கிராமத்தின் தலைவரை எனக்கு நன்றாகத் தெரியும். நாலு கிலோமீட்டரில் இருந்த சிந்துபூந்துறையில் ஒரு ஆளைத் தெரியாது.

பன்னும் பொட்டலமும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பது ஒன்றே போதும். அணைகளும் திறந்து, ஆறும் பெருகி, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் வழக்கம்போல மூழ்கி, அப்புறம் வழக்கத்தை மீறி ஜங்ஷன் பஸ் நிலையம், மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீருக்குள் போயின. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், "அது வந்த வேகத்துல போயிட்டு, இது உக்காந்துட்டு" என்றார்கள்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் முப்பது பேர் போலப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கையில் பன், பிஸ்கட், புளியோதரைப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். முன்னால் ஒரு பேனர். பேனர் அடிக்க எங்கே கடை திறந்திருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

முதல் நாள் பொட்டலத்துக்கு நல்ல வரவேற்பு. இரண்டாம் நாள் எங்களுக்கு முன்னால் நாலு வேன் வந்து போயிருந்தது. மூன்றாம் நாள் ஒரு வளவு வாசலில் பன் பாக்கெட்டுகள் பிரிக்காமல் அடுக்கி இருந்தன. (வெளியூர்க்காரர்களுக்கு: வளவு என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல வீடுகள். நடுவில் ஒரு நடை, கடைசியில் ஒரு கிணறு அல்லது அடிபம்பு.) அங்கே நின்ற ஒரு பெண் மாணவிகளிடம் மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி, பன்னு போதும். சேத்தை அள்ள ஆள் இருந்தா சொல்லுங்க."

சரி என்று மண்வெட்டி எடுத்தோம். இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: சேறு அள்ளுவதில் எங்கள் பிள்ளைகள் சுமாரான ஆட்கள். பாண்டுச் சட்டியை எப்படிப் பிடிப்பது என்பதே பலருக்குத் தெரியவில்லை. அள்ளிய சேற்றை வாறுகாலில் (சாக்கடையில்) கொட்டி, அடைத்துக்கொண்ட வாறுகாலைத் திரும்பத் தோண்டினோம். பக்கத்துத் தெருவில் வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணியா இருக்கும்போதே தள்ளிவிடணும். காஞ்சா கல்லு. காயாததுல தண்ணி ஊத்தி வெளக்கமாத்தால தள்ளுங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு வேலை வேகமாகவே போனது. ஆனாலும் அந்த நாலு நாளில் நாங்கள் செய்ததை அவருடைய குழு அரை நாளில் செய்திருக்கும்.

அந்த வளவின் மூன்றாவது வீட்டில்தான் ஆச்சி இருந்தார்.

ஆச்சியின் பெட்டி

வயது எழுபதுக்கு மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னும் பீடி சுற்றுகிறவர். மகன் இல்லை. மகளும் மருமகனும் திருப்பூரில். வீட்டுச் சேற்றை நாங்கள் அள்ளிக்கொண்டிருந்தபோது அவர் எதையும் கவனிக்கவில்லை. தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். என்னவென்று பார்க்கப் போன தாவரவியல் மாணவி அங்கே கண்டதைச் சொன்னாள்: தகரப் பெட்டி ஒன்று வாய் திறந்து கிடக்கிறது. தரை முழுக்கக் காகிதம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். மேகம் விலகி வெயில் வந்தால் காகிதம் முறுக்கிக்கொள்கிறது, தூறல் விழுந்தால் ஆச்சி எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்.

பெட்டியில் இருந்தவை: வீட்டுப் பத்திரம், கணவரின் இறப்புச் சான்று, பீடி பாஸ்புக் (சுற்றிக் கொடுத்த பீடிக் கணக்கு எழுதும் புத்தகம்), பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்த ரசீது, பேத்தியின் மதிப்பெண் பட்டியல், சீட்டு நோட்டு, கல்யாணப் போட்டோ ஒன்று.

நாங்கள் முந்தின இரவு ஒரு படிவம் தயாரித்திருந்தோம். எங்கள் மாணவர்களில் ஒருவன் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவன். 2011 முதல் ஜனவரிதோறும் குளம் குளமாக நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் கற்றுக்கொண்ட வழியில், வீடு வீடாக எந்த ஆவணம் போயிற்று என்று கோடு போட்டுக் குறிக்க ஒரு தாள் செய்திருந்தான். ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ். ஆச்சியின் பெட்டியில் இருந்தவற்றில் பாதிக்கு எங்கள் தாளில் கட்டமே இல்லை. பீடி பாஸ்புக்கை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகைக்கு மனுப் போட முடியும். நகை ரசீது போனால் மீட்கப் போகிற அன்று எத்தனை பேர் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பது அடகு வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்திரம் இன்னும் பெரிய விஷயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், உண்மைதான். எண் தெரியாவிட்டாலும் வில்லங்கம் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மூலப் பத்திரம் தொலைந்தால், பிற்பாடு வீட்டை விற்கவோ எழுதிவைக்கவோ போகும்போது காவல் நிலையத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழில் விளம்பரம் என்று இழுக்கும். நனைந்த காகிதம் கிழியாமல் காய்ந்தால் இந்த அலைச்சல் அத்தனையும் மிச்சம்.

"சார், வெயில்ல போடக்கூடாது. அழுத்தி வச்சு நிழல்லதான் காய வைக்கணும். நாங்க செடிய வைக்க மாதிரி" என்றாள் அந்த மாணவி.

பலகை

தாவரவியல் துறையில் படித்தவர்களுக்குச் செடி உலர்த்தும் பலகை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த இரண்டு தட்டுகள். நடுவில் தாள்கள், தாள்களுக்கு நடுவில் செடி. இரண்டு வார்களால் இழுத்துக் கட்டுவார்கள். ஈரத்தைத் தாள் உறிஞ்சும். தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொதிகை மலைப் பயணத்தில் எடுத்து வரும் செடிகள் எங்கள் கல்லூரியில் இப்படித்தான் பதப்படுகின்றன. வாழ்நாள் முழுக்க ஈரமான, மெல்லிய, உடையக்கூடிய பொருள்களைத் தட்டையாக உலர்த்துவதே வேலையாக ஒரு துறை எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. நாங்கள் மூன்று நாளாகப் பன் விநியோகித்துக்கொண்டிருக்கிறோம்!

துறைத் தலைவர் பலகைகளைத் தயங்காமல் கொடுத்தார். வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஈரம் உறிஞ்சும் வடிதாள் வந்தது. காகிதங்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து மின்விசிறி போட்டு உலர்த்துவது என்று திட்டம். ஒழுங்கான திட்டம். ஆச்சியிடம் சொன்னோம்.

"வீட்டுப் பத்திரத்தையா? பாளையங்கோட்டைக்கா? நீங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாதே ராசா."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் மூலப் பத்திரத்தைக் கொடுப்பவர் உலகத்தில் உண்டா? கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினோம். "அது ஒங்க அட்டைல்லா" என்றார். அதனால் பலகைகள் தெருவுக்கு வந்தன. வளவில் மாடியில் இருந்த வீட்டுக்காரர் தன் தார்சாவை (தாழ்வாரத்தை) கொடுத்தார். தரை காய்ந்து, காற்று வரும் இடம். மின்சாரம் திரும்பி வந்த பிறகு ஒரு மேசை விசிறியும் கிடைத்தது. யார் காகிதம் எந்தப் பலகையில், எந்த அடுக்கில் என்று ஒரு நோட்டு போட்டோம். வைக்கும்போது ஒரு கையெழுத்து, எடுக்கும்போது ஒரு கையெழுத்து. ராத்திரி காவலுக்கு ஆச்சியே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். இன்னொரு ஊரில் இன்னொரு வெள்ளத்தில் யாருக்காவது உதவலாம்.

நனைந்த காகிதத்தில் இரண்டு, மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். எனவே முதலில் எடுக்க வேண்டியது இன்னும் ஈரமாக இருப்பதை. பாதி காய்ந்து ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. சேறு இருந்தால் தட்டையான தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் விட்டு, காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் ஏந்தி, அலசி எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. முதலில் வடிதாள், அதற்கு வெளியேதான் செய்தித்தாள். இதை நாங்கள் தப்பு செய்துதான் கற்றோம்: ஒருவருடைய பழைய சாதிச் சான்று அட்டையின் பின்பக்கம் நகைக்கடை விளம்பரம் ஒன்று கண்ணாடி எழுத்தில் பதிந்துவிட்டது. காலையும் மாலையும் தாள் மாற்ற வேண்டும். வாரை முதல் நாளே இறுக்கக் கூடாது.

எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதில்தான் எல்லாருக்கும் வியப்பு. லேசர் அச்சு, தட்டச்சு எழுத்து, பந்துமுனைப் பேனா எல்லாம் நின்றன. இங்க்ஜெட் அச்சு ஓடிப்போனது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்த மதிப்பெண் பட்டியல்கள்தான் எங்கள் கையில் வந்தவற்றில் மிக மோசமாகப் போனவை. ஓரம் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அழுகிக் கிடந்தது. பிளேடால் ஓரத்தை வெட்டிப் பிரித்தால் எழுத்து படலத்தோடு வந்துவிட்டது. ஆச்சியின் பேத்தி பட்டியலும் அப்படித்தான் போயிற்று. அதற்கு நகல் வாங்கத்தான் வழி.

வீட்டுப் பத்திரம் பிழைத்தது. ஐந்து நாள் ஆனது. கடைசித் தாளை அவர் கண் முன்னாலேயே எடுத்தோம். விற்றவர் படித்தவர் போலிருக்கிறது. மைப் பேனாவால் போட்ட கையெழுத்து நீலக் கறையாகப் பரவி என்ன எழுத்து என்றே தெரியவில்லை. அதன் கீழே ஆச்சி வைத்த பெருவிரல் ரேகை கோடு கோடாக அப்படியே இருந்தது. ரேகை மை எண்ணெய் கலந்தது, தண்ணீருக்குக் கரையாது. ஆச்சி அந்த ரேகையையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வெரலு நல்லாருந்துச்சு" என்றார்.

ஓடிபி

அவர் சொன்னதன் முழு அர்த்தம் அடுத்த வாரம்தான் எங்களுக்குப் புரிந்தது.

மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், மற்றப் பகுதிகளில் 1,000 ரூபாயும் நிவாரணம் என்று அரசு அறிவித்திருந்தது. ரேஷன் அட்டை இருந்தாக வேண்டும். ஆச்சியின் அட்டையும் ஆதாரும் ஒரு பர்ஸில் இருந்தன. பர்ஸ் ஆற்றோடு போயிற்று. ஆதார் எண் தெரிந்தால் மின் ஆதார் இறக்கிக்கொள்ளலாம் என்று பையன்கள் உற்சாகமாகப் போனை எடுத்தார்கள். எண்ணைப் போட்டதும், பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரையில் வந்தது.

அந்த நம்பர் யாருடையது? மருமகனுடையது. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். ஷிப்ட் நேரத்தில் போனை வெளியே வைத்துவிட வேண்டும். தேநீர் இடைவேளையில் எடுப்பார் என்று மகள் சொன்னார். அந்த இடைவேளை எப்போது என்று மகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிடம். ஒன்று காலாவதியானால் இன்னொன்று. நாலைந்து முறைக்கு மேல் முயன்றால் கொஞ்ச நேரம் பூட்டிவிடும். குறிப்பேட்டில் இருந்த இரண்டு மணி நேரம் இதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஆச்சி அவனுக்குப் பீடி இலை வெட்டச் சொல்லிக்கொடுத்தார். அவன் வெட்டியது ஒன்றும் தேறவில்லை. ஆச்சியின் விரல் நுனியில் ரேகையே இல்லை என்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். ஐம்பது வருஷம் இலை உருட்டித் தேய்ந்த விரல். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி ஆச்சியை ஏற்காமல் பல நாள் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் அவர் பெயரிலேயே ஒரு நம்பரை இணைக்கப் போனபோதும் அதே கதை. கடைசியில் கருவிழியை வைத்துத்தான் வேலை முடிந்தது. அதற்கு இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் அவன் குறிப்பேட்டில் உண்டு.

பொட்டலம் கொடுத்த நாள்களில் ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது வீட்டைப் பார்த்தார். இந்த வேலையில் ஒரு ஆளுக்கு இரண்டு நாள். ஆண்டறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எங்கள் கணக்கு அந்த ஆண்டு பரிதாபமாக இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வரிசையில் நின்று பன் வாங்கியவர் யாரையும் எங்களுக்கு நினைவில்லை, அவர்களுக்கும் எங்களை நினைவிருக்காது.

திங்கள்கிழமை மேசை

சேறு போய், பலகைகள் கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் மனு எழுதும் வேலை நிற்கவில்லை. திங்கள்தோறும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அதற்கு முந்தின நாள், ஞாயிறு சாயங்காலம், வளவு வாசலில் ஒரு மேசை போட்டு நாலு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். பெயர் மட்டும் திங்கள்கிழமை மேசை.

முதல் மனுக்களை எழுதியது தமிழ்த் துறைப் பிள்ளைகள். "இயற்கை அன்னையின் சீற்றத்தால் நிலைகுலைந்து நிற்கும் ஏழையேன்" என்று ஒரு மனு தொடங்கியது. நானே படித்து ரசித்தேன். தெருவில் தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தவர், "தம்பி, இதை வாசிச்சு முடிக்கதுக்குள்ள அங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவான்" என்றார். அவர் கற்றுக்கொடுத்த முறை: மேலே பெயர், பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும், வார்டு, குடும்ப அட்டை எண். அடுத்து என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில். அதற்கு அடுத்து ஏன் என்பது இரண்டு வாக்கியத்தில். இணைப்பு என்னென்ன என்று கீழே. கதை சொல்ல வேண்டுமானால் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

கதவு எண் விஷயம் சின்னதாகத் தோன்றும். எங்கள் அனுபவத்தில் திரும்பி வந்த மனுக்களில் அதிகமானவை அதனால்தான் வந்தன. ஒரே வீட்டுக்கு ரேஷன் அட்டையில் ஓர் எண், மின் கட்டண அட்டையில் ஓர் எண், வாசலில் பெயிண்டில் இன்னொன்று.

பெரியவரை மேசைக்கே உட்கார வைத்துவிட்டோம். மாணவர்கள் எழுத, அவர் திருத்துவார். அவர் எங்களுக்கு உதவுகிறாரா, நாங்கள் அவருக்கு உதவுகிறோமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சறுக்கிய இடங்கள்

மூன்று தவறுகளை மறைக்காமல் எழுத வேண்டும். மூன்றுக்கும் பொறுப்பு நான்தான்.

முதலாவது, முதல் நாள் பிள்ளைகளைச் செருப்போடு சேற்றில் இறக்கியது. ஒரு மாணவிக்குத் தகரம் கிழித்துக் காலில் தையல். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு என்பதும், காலில் காயம் இருந்தால் அது இன்னும் கூடும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயமல்ல. முகாமுக்கு வந்த மருத்துவர் எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். பூட்ஸ் வாங்கிய பிறகே மறுபடி இறங்கினோம்.

இரண்டாவது, படம். சேறு அப்பிய வீட்டுக்கு முன்னால் ஒரு அம்மாவைப் பன்னோடு நிறுத்தி ஒரு பையன் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். சென்னையில் இருக்கும் அவர் மகள் கண்ணில் அது எப்படியோ பட்டு, அவர் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். "எங்க வீட்டுல சாப்பாட்டுக்கு இல்லன்னு ஊர்ல சொல்லுதாங்களாம்மா" என்று. அன்றோடு படம் எடுப்பது நின்றது. பேனரும் போயிற்று, அதன் பின்பக்கத்தைத் தார்சாவில் விரித்துப் பலகைகளை அதன் மேல் வைத்தோம், நன்றாகவே பயன்பட்டது.

மூன்றாவதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உலர்த்தும் காகிதங்களில் ஊர்க் கதை முழுக்க இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு வீட்டு மருமகள் கொடுத்த நகை அடகு ரசீதை நோட்டில் பதியும்போது ஒரு மாணவன் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்துவிட்டான்: "ரெண்டு வளையல்." மாமியார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வளையல் பீரோவில் இருப்பதாக அதுவரை அவர் நினைத்திருந்தார். அன்று ராத்திரி அந்த வீட்டில் நடந்ததை மறுநாள் வளவே பேசியது. மருமகள் வந்து ரசீதை வாங்கிக்கொண்டு போனார். எங்களைத் திட்டவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைப்பது, மேலே உடனே வடிதாள் போடுவது, நோட்டில் ஆவணத்தின் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதுவது என்று மாற்றினோம். இந்த ஆய்வில் தெருவின் பெயர் இல்லாததற்குக் காரணமும் அந்த வளையல்தான்.

அதன் பிறகு

மேசை 2024 மார்ச் வரை வாரந்தோறும் நடந்தது. பிறகு தேர்வு, விடுமுறை. ஜூலையில் திரும்ப ஆரம்பித்தபோது மாதம் ஒரு முறையாகச் சுருங்கியது. வெள்ள மனுக்கள் தீர்ந்து, முதியோர் உதவித்தொகை, பட்டாப் பெயர் மாற்றம், மின் இணைப்பு என்று வேறு வேறு வருகின்றன. இதை வெற்றி என்பதா, வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டோம் என்பதா என்று எங்கள் துறைக் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் படுகிறது. மூத்த மாணவர்கள் போய்ப் புதியவர்கள் வரும்போது ஒவ்வொரு முறையும் பெரியவர் "இயற்கை அன்னை"யிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஏழு நாள் முகாமை இப்போது சிந்துபூந்துறையிலேயே வைக்கிறோம். தங்க மாட்டோம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் சுவாரசியம் குறைவு. முகாம் என்றால் ராத்திரி பாட்டு, கூட்டாஞ்சோறு என்று எதிர்பார்த்து வருகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2024 டிசம்பரில் ஆற்றில் மறுபடி வெள்ளம் வந்தது. குறுக்குத்துறைக் கோயில் மூழ்கியது என்று படம் வந்த அன்று காலையில், அந்த வணிகவியல் பையன், இப்போது மூன்றாம் ஆண்டு, ஆச்சிக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"பொட்டி தட்டட்டிக்குப் போயாச்சுய்யா. மேலத்து வீட்டுல வச்சாச்சு. தண்ணி வந்தா வரட்டும்."

"ஆதாரு, ரேஷன் கார்டெல்லாம்?"

"எல்லாம் நீ குடுத்த கவர்லதான் இருக்கு. ஆனா ஒரு காரியம் கேளு. அந்த ஓடிபி வார போனு, நீ எம்பேர்ல வாங்கித் தந்தேல்லா, அதுக்கு நான் காசு போடாமலே விட்டுட்டேன். இப்ப யாரோ எடுத்து இந்தில பேசுதான். நீ எப்ப வார?"